நீரிழிவும் கமக்காரரின் உணவும்

கிளிவெட்டியிலும் அதனைச் சூழ்ந்த அல்லைக் குடியேற்றப் பகுதியிலும் வெருகலாற்று நீரைக்கொண்டு நெல்லும், மேட்டு நிலங்களில் காய்கறியும் செய்துவரும் குடும்பங்களில் நீரிழிவு இன்று புதிய சொல்லன்று. சலரோகம் என்றும், பேச்சு வழக்கில் சீனி வருத்தம் என்றும் கூறப்படுவது இதுவே. வைத்தியர் குருதியைச் சோதித்து நோய் உண்டெனக் கூறிய அன்றே வீட்டில் எழும் கேள்வி, இனிச் சோறு உண்ணலாமா என்பதாகும். நெல்லை விளைவிப்பவர் சோற்றை விடுவதா என்னும் மனக்குறையினால் சிலர் எதனையும் மாற்றாது விடுகின்றனர். வேறு சிலர் சோற்றை அறவே நீக்கி, அதற்கு ஈடாகக் குரக்கன் பிட்டையும் கோதுமை ரொட்டியையும் வயிறு நிறைய உண்கின்றனர். இவ்விரு வழிகளும் பயன் தரா. சோற்றை விடவேண்டுவதில்லை. எவ்வளவு உண்பது, எவ்வகை அரிசியை உண்பது, அதனோடு எதனைச் சேர்த்து உண்பது என்னும் மூன்றையும் அறிந்து ஒழுகினாற் போதும். இம்மூன்றும் பெரும்பாலும் கமக்காரரின் கையிலேயே உள்ளன.

இலங்கையில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், 20 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்றுக் கூடுதலானோர் நீரிழிவு உடையோர் எனக் காணப்பட்டது. அவர்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் தமக்கு நோயுள்ளது என்பதை அதுவரை அறியாதிருந்தவர்கள். அவ்வாய்வு ஏழு மாகாணங்களிலேயே நடைபெற்றது. போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் அதிற் சேர்க்கப்படவில்லை. பின்னர் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட பிறிதோர் ஆய்வில் நோயுடையோர் தொகை நூற்றுக்கு 23 என்னும் அளவினதாயிற்று.

கிழக்கு கணக்கில் வராதிருந்த அக்காலத்திலேயே இங்கு பலருடைய உணவு மாறிப்போயிற்று. 2006 ஆம் ஆண்டுப் போரில் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள், 2007 முதற் பல ஆண்டுகள் கிளிவெட்டி முகாமில் வாழ்ந்தன. நிவாரணப் பங்கீட்டில் முதன்மையாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்பன. அவற்றால் பசி தீர்ந்தது. எனினும் கீரைக்கும் காய்க்கும் அதில் இடமிருக்கவில்லை. தோட்டஞ் செய்வதற்குச் சொந்த நிலமும் கையில் இருக்கவில்லை. அவ்வாறு பழகிய நாவை மாற்றுவதற்குச் சில காலம் பிடிக்கும் என்பதில் வியப்பில்லை.

உழைப்பும் மாறியது. எருமை பூட்டிச் சேறடித்து, அரிவாளால் அறுத்து, சூடு மிதித்துத் தூற்றிய நாளில் மூன்று வேளையும் நிறைந்த சோறு உடம்புக்கு வேண்டியிருந்தது. இன்று உழவு இயந்திரம் உழுகின்றது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் அறுப்பதும் அடிப்பதும் தூற்றுவதும் ஒருங்கே முடிகின்றன. கமக்காரர் வரம்பில் நின்று மூடைகளை எண்ணுகின்றார். வேலை பாதிக்கு மேற் குறைந்தும் தட்டிலுள்ள சோறு முன்போலவே இருக்கின்றது. நோய் பெருகியமைக்கு இதனை ஒரு பெருங் காரணமாகக் கொள்ளலாம்.

நோயின் தன்மை

சோறு, ரொட்டி, பிட்டு, கிழங்கு முதலியவற்றிலுள்ள மாச்சத்து குடலிற் செரித்து, குளுக்கோசு என்னும் வெல்லமாகிக் குருதியிற் சேர்கின்றது. குருதியை வாய்க்காலாகவும், குளுக்கோசை நீராகவும், உடம்பின் தசைகளை வயலாகவும் கொள்க. வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீரை விடுபவர் வட்டவிதானை. உடம்பில் அவ்வேலையைச் செய்வது சதையி சுரக்கும் இன்சுலின். சதையியைக் கணையம் என்றும் கூறுவர். நீரிழிவு கண்டவரிடத்தில் இன்சுலின் போதாமற் போகின்றது. அல்லது சுரந்தும், ஈரலிலும் தசையிலும் படிந்த கொழுப்பினால் மடை இறுகிக் கிடக்கின்றது. வாய்க்கால் கரைபுரண்டு ஓட, வயல் வாடுகின்றது. உண்டும் களைப்புத் தோன்றுவதும், உடல் மெலிவதும், அடிக்கடி சிறுநீர் கழிவதும், தாகம் தீராமையும் இதனாலேயே. கரைபுரளும் நீர் காலப்போக்கில் கண், சிறுநீரகம், கால் நரம்பு, இருதயம் ஆகியவற்றைக் கெடுக்கின்றது.

உணவு உண்ணாதிருந்து காலையிற் சோதிக்கும்போது, 100 மில்லிலீற்றர் குருதியில் குளுக்கோசு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் நீரிழிவு எனக் கொள்வர். வருத்தம் எதுவும் வெளியே தோன்றாதவரிடத்தில் மறுமுறையும் சோதித்தே இதனை முடிவு செய்வர். 100 முதல் 125 வரை இருப்பின் நோய் வாசலில் நிற்கின்றது என்பது பொருள். அந்நிலையில் உள்ளவரும் இங்கு கூறப்படும் உணவு முறையைக் கைக்கொள்வது நன்று.

தலைவாய்க்காலில் வரும் நீரைக் குறைப்பது உணவு. இறுகிய மடையை இளக்குவன நடையும், உடல் எடை குறைதலும், மருந்தும். இவற்றுள் எந்த ஒன்றும் மற்றொன்றின் வேலையை முழுவதும் செய்துவிடாது.

சோற்றுக் கணக்கு

ஒரு சுண்டு அரிசி ஏறக்குறைய 200 கிராம் நிறையுள்ளது. அதில் மாச்சத்து 150 கிராமுக்கு மேல் உண்டு. தலைக்கு ஒரு சுண்டு என்று அரிசி போடும் வீடுகள் பல. அது போதாதென்று காலையிற் பிட்டும் இரவில் இடியப்பமும் தனியே வருகின்றன. சமைத்த சோற்றில் தேநீர்க் கோப்பையளவு ஒன்றை எடுத்தால், அதில் 45 கிராம் வரையில் மாச்சத்து இருக்கும். அது செரித்தபின் ஒன்பது தேக்கரண்டி சீனி உண்டதற்கு நிகராகும். நண்பகலில் மூன்று கோப்பைச் சோறு உண்பவர் 27 தேக்கரண்டிச் சீனியை ஒரே வேளையில் வாய்க்காலில் விடுகின்றார். சீனியே தொடுவதில்லை, பின்னும் நோய் ஏன் தணியவில்லை என்று கேட்போருக்கு விடை இதுவே.

ஆகையால் சோற்றைக் கண்ணால் மதிப்பிடாது கோப்பையால் அளந்து இடவேண்டும். இயந்திரமே பெரும்பகுதி வேலையைச் செய்யும் நாட்களில் ஒரு வேளைக்கு ஒரு கோப்பை முதல் ஒன்றரைக் கோப்பை வரை பெரும்பாலோருக்குப் போதும். நாற்று நடுதல், வரம்பு கட்டுதல், களை பிடுங்குதல் போன்ற கடும் வேலை உள்ள நாட்களில் அரைக் கோப்பை கூட்டலாம். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் இவ்வளவைத் தம் வைத்தியரோடு பேசியே முடிவு செய்தல் வேண்டும்.

தட்டை இடும் முறை எளிது. தட்டின் பாதியைக் கீரையாலும் காய்கறியாலும் நிரப்புக. எஞ்சிய பாதியில் ஒரு பங்கு மீன், முட்டை, பருப்பு, பயறு என்பவற்றில் ஒன்று. மற்றப் பங்கே சோறு. இப்பகுதியில் வழக்கம் இதற்கு நேர்மாறானது. நடுவே சோற்றுக் குன்றும், ஓரத்தில் ஒரு கரண்டி வறையும், மேலே குழம்பும் என்பதே பல வீடுகளிற் காணப்படும் தட்டு. கறியையும் கீரையையும் முதலில் உண்டு சோற்றைப் பின்னர் உண்பதனால் குருதியில் வெல்லம் ஏறும் வேகம் தணிகின்றது. இதற்குச் செலவு ஏதுமில்லை. விரைவாக அள்ளி உண்ணும் பழக்கத்தைச் சிறிது நிறுத்தினாற் போதும்.

தேநீரையும் கணக்கிற் கொள்க. வயலில் ஐந்து முறை தேநீர் அருந்துபவர், ஒவ்வொரு முறையும் இரண்டு கரண்டி சீனி இட்டால், நாளொன்றுக்கு 50 கிராமும் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோகிராமும் சீனி உட்கொள்கின்றார். மாற்றத்தை இங்கிருந்தே தொடங்குவது இலகு. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் ஒரு மாதத்தில் நா பழகிவிடும். பனங்கட்டி, தேன், சர்க்கரை ஆகியன தீங்கற்றவை என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. அது தவறு, அவையும் சீனியைப் போலவே குருதியில் வெல்லத்தை ஏற்றுகின்றன. போத்தல்களில் வரும் இனிப்புப் பானங்களை இந்நோயாளர் தாகத்துக்கு அருந்தலாகாது.

அரிசியும் மற்றைத் தானியங்களும்

நெல்லின் தவிட்டிலேயே நார்ச்சத்தும், எண்ணெயும், உயிர்ச்சத்துக்களும் அடங்கியுள்ளன. வெண்மை தோன்றும் வரை ஆலையிற் தீட்டும்போது இவை நீங்கி, மாச்சத்தே எஞ்சுகின்றது. தீட்டிய அரிசி விரைந்து செரிப்பதால் வெல்லமும் விரைந்து ஏறுகின்றது. தவிடு நீங்காத சிவப்பரிசி மெதுவாகச் செரிக்கும். புழுக்கிக் குத்திய அரிசியும் பச்சை அரிசியைவிட மேலானது; புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுகின்றது. சிவப்பரிசியின் நிறம் அதன் மேற்றோலைச் சேர்ந்தது. ஆகவே சிவப்பு நெல்லாயினும் முற்றத் தீட்டினால் நிறத்தோடு பயனும் போய்விடும். ஆலைக்காரரிடம் முன்னரே சொல்லி, உமி நீங்கும் அளவில் நிறுத்திக்கொள்ளுதல் வேண்டும்.

பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்களும், ஏ.ரீ. 362 என்னும் திருந்திய இனமும் சிவப்பரிசி தருவன. விளைந்த நெல் முழுவதையும் களத்திலேயே விற்றுவிட்டு, பின்னர் கடையில் வெள்ளையரிசி வாங்கும் வழக்கத்தைக் கமக்காரர் ஒருகால் மீள எண்ணிப் பார்த்தல் நன்று. ஐவர் உள்ள குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்குக் கால் கிலோகிராம் அரிசி எனக் கொண்டால், ஆண்டுக்கு 456 கிலோகிராம் அரிசி வேண்டும். அதற்கு ஏறக்குறைய 700 கிலோகிராம், அதாவது 33 புசல் நெல் போதுமானது. ஏக்கருக்கு 80 புசல் விளையும் வயலில் இது அரை ஏக்கரின் விளைவுக்கும் குறைவு. தவிடுள்ள அரிசி எண்ணெய்ப்பசையினால் விரைவில் சிக்கு நாற்றம் கொள்ளும், வண்டும் பிடிக்கும். எனவே நெல்லாகவே சேமித்து, இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு வேண்டியதை மட்டும் குற்றுவித்துக் கொள்க.

குரக்கனைப் பற்றியும் சில கூறவேண்டும். அது நல்ல தானியம். நாரும் சுண்ணச்சத்தும் மிகுந்தது. ஆயினும் 100 கிராம் குரக்கன் மாவில் 70 கிராமுக்கு மேல் மாச்சத்து உண்டு. நன்றாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் விரைந்தும் செரித்துவிடும். சோற்றுக்குப் பதிலாக அளவோடு உண்டால் பயன் தருவது, சோற்றுக்கு மேலதிகமாக உண்டால் தீங்கு செய்கின்றது. மரவள்ளி, வற்றாளை, உருளைக்கிழங்கு, பலாக்கொட்டை, ஈரப்பலா ஆகியனவும் கறியாகத் தட்டில் வரினும் கணக்கில் சோற்றோடு சேர்ந்தவை. மரவள்ளிக் கறியும் சோறும் ஒரே வேளையில் வந்தால் சோற்றைப் பாதியாக்குக. வெள்ளைக் கோதுமை மாவில் ஆன ரொட்டியும் பாணும் தீட்டிய அரிசியைவிடச் சிறந்தவையல்ல.

கறிகளும் மூலிகைகளும்

பாகல், புடோல், பீர்க்கு, வெண்டி, கத்தரி, பயற்றங்காய், முருங்கைக்காய், வாழைப்பூ ஆகியவற்றையும், வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை, அகத்தி முதலிய கீரைகளையும் வயிறாற உண்ணலாம். இவற்றில் மாச்சத்து குறைவு, நார் மிகுதி. எண்ணெயிற் பொரிப்பதைவிட வறையாகவோ சுண்டலாகவோ பாற்கறியாகவோ ஆக்குவது நன்று. தேங்காய்ப்பால் வெல்லத்தை ஏற்றுவதில்லை எனினும் எடையைக் கூட்டும். அதனை அளவோடு சேர்க்க. கொட்டியாரக் குடாவில் படும் சூடை, நெத்தலி போன்ற சிறு மீன்கள் விலையிலும் குணத்திலும் உகந்தவை. கருவாடு உப்பு மிகுந்தது ஆதலால் குருதி அழுத்தம் உள்ளோர் அதனைக் குறைத்தல் வேண்டும். சிறுநீரக நோயும் உடையவர் பருப்பு, மீன், கீரை ஆகியவற்றின் அளவை வைத்தியரிடம் கேட்டே அமைத்துக்கொள்ள வேண்டும்.

பழங்களைச் சாறாக்காது கடித்து உண்க. கொய்யா, பப்பாளி, சிறு வாழைப்பழம் என்பவற்றில் ஒன்றை ஒரு வேளைக்கு உண்ணலாம். மாம்பழமும் பலாச்சுளையும் சுவைக்கு இரண்டொரு துண்டுடன் நிற்றல் வேண்டும்.

பாகற்சாறும், சிறுகுறிஞ்சா இலையும், கொவ்வை இலைச் சுண்டலும் சீனி வருத்தத்துக்கு நல்லவை எனக் கூறுவர். கறியாக உண்பதில் தடையில்லை. சிறுகுறிஞ்சா இலையை மென்றால் சிறிது நேரத்துக்கு நாவில் இனிப்பு உறைப்பதில்லை. சீனிமேல் ஆசை நீங்காதவர் இதனைச் செய்து பார்க்கலாம். ஆனால் இவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது பெருந் தவறு. இன்சுலினை நிறுத்துவது சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும்.

உணவினால் எவ்வளவு தூரம் போகலாம்

பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2017 ஆம் ஆண்டில் முடிவு வெளியான ஓர் ஆய்வில், நோய் கண்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டோருக்குச் சில மாதங்கள் மிகக் குறைந்த உணவு கொடுத்து எடை குறைக்கப்பட்டது. ஓராண்டின் முடிவில் அவர்களில் நூற்றுக்கு 46 பேர் மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழ் வந்தனர். 15 கிலோகிராமும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது நூற்றுக்கு 86 ஆயிற்று. ஈரலிலும் சதையியிலும் படிந்த கொழுப்புக் கரைந்தமையே இதற்குக் காரணம் என ஆய்வாளர் கூறினர். இது வைத்தியரின் மேற்பார்வையில் நடந்ததாகும். வீட்டிலிருந்து தாமாகப் பட்டினி கிடப்பதற்கு இது சான்றன்று. எனினும் நோய் கண்ட முதற் சில ஆண்டுகளே எடை குறைப்பதற்கு ஏற்ற காலம் என்பது இதிலிருந்து தெளிவாகின்றது. பருத்த உடல் உடையவர் எடையில் நூற்றுக்கு ஐந்து முதற் பத்துப் பங்கு குறைத்தாலும் குருதி வெல்லம் தணியக் காணலாம். உண்டபின் படுக்காது, வாய்க்காற் கரையிலே பதினைந்து நிமிடம் நடப்பதும் உதவும்.

வயலில் வரும் ஆபத்து

குருதி வெல்லம் மிகுவதைப் போலவே அளவுக்கு மீறிக் குறைவதும் ஆபத்தானது. இன்சுலின் போடுபவரும், கிளிக்கிளசைட்டு போன்ற மாத்திரை எடுப்பவரும், காலையில் மருந்தை எடுத்துவிட்டு உண்ணாமல் வயலுக்குச் செல்லலாகாது. மெற்போமின் மட்டும் எடுப்போருக்கு இவ்வாபத்து அரிது. திடீரென வியர்த்தல், கை நடுக்கம், கடும் பசி, கண் மங்கல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியன இதன் அறிகுறிகள். வெயிலின் களைப்பென்று இவற்றை எண்ணி வரம்பில் சாய்ந்துகொள்வோர் மயங்கி நீரில் வீழக்கூடும். உழவு இயந்திரம் ஓட்டுபவரின் நிலை அதனினும் கொடியது. அறிகுறி கண்டவுடன் வேலையை நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் குடிக்க. பதினைந்து நிமிடத்தில் தெளிவு வராவிடின் மீண்டும் அவ்வாறே செய்க. தெளிந்தபின் சிறிது உணவு உண்க. மயங்கியவரின் வாயில் எதனையும் ஊற்றாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். சீனி சிறிதளவைத் தாளில் மடித்து மடியில் வைத்திருப்பதும், கூட வேலை செய்வோருக்கு நோயை மறையாது கூறியிருப்பதும் அவசியம். கந்தசஷ்டி விரதம், றமழான் நோன்பு முதலியவற்றை நோற்க விரும்புவோர் மருந்தின் வேளையையும் அளவையும் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டறிக.

மற்றொன்று பாதம். நரம்பு மரத்தவருக்கு நத்தை ஓடு கிழித்ததும், முள் தைத்ததும், பசளை எரித்ததும் தெரிவதில்லை. நாட்கழித்துக் காணும்போது புண் எலும்பு வரை சென்றிருக்கும். காலை இழந்தோரும் உளர். சேற்றில் இறங்கும்போது உயர்ந்த இறப்பர்ச் சப்பாத்து அணிக. மாலையில் கால்களைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, உள்ளங்காலை வெளிச்சத்திற் பார்க்க. குனிந்து பார்க்க இயலாதவருக்கு வீட்டிலுள்ளோர் பார்த்துக் கூறுதல் வேண்டும்.

வீட்டுத் தோட்டம்

மேற்கூறிய கீரையும் காயும் சந்தையில் வாங்கி உண்பதானால் செலவு மிகும். கிணற்றடியில் நீர் வடியும் இடத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும், வேலியோரம் முருங்கையும் அகத்தியும், பந்தலில் பாகலும் புடோலும் இடுக. பெரும்போகத்து மழையில் இங்குள்ள களிமண்ணில் நீர் தேங்கும். பாத்திகளை உயர்த்தி அமைத்தாலன்றி வேரழுகும். பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையே வயல் வெறிதே கிடக்கும் நாட்களில், மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயறு விதைக்கலாம். ஏறக்குறைய 60 நாளில் காய் முற்றும். அதன் வேர் நிலத்துக்கு நைதரசன் சேர்க்கும். அதன் மணி வீட்டுக்குப் புரதம் தரும். விற்பனைக்குச் செய்யும் காய்கறித் தோட்டத்திலிருந்தே வீட்டுக்கும் பறிப்பவர், பூச்சிநாசினி தெளித்தபின் கொள்கலனிற் குறித்துள்ள நாட்கள் கழியுமுன் பறித்தலாகாது.

நோயாளருக்கென வேறு பானை வைப்பது நெடுநாள் நடவாது. இந்நோய் பரம்பரையாகவும் வருவதாதலால், பெற்றார் ஒருவருக்கு நோய் கண்ட வீட்டில் பிள்ளைகளும் அதே உணவை உண்பது அவர்களுக்கும் காப்பாகும். 35 வயதைக் கடந்தோர் அரசாங்க வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் கட்டணமின்றிக் குருதியைச் சோதித்துக் கொள்ளலாம். நோய் கண்டவர் மூன்று மாத வெல்ல அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி சோதனையை வைத்தியர் கூறும் காலத்திலும், கண்ணையும் சிறுநீரையும் ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிப்பித்தல் வேண்டும். சோதனைக்குச் செல்லும்போது, முந்திய ஒரு வாரத்தில் வேளைக்கு எத்தனை கோப்பைச் சோறு உண்டார் என்பதைக் குறித்துக் கொண்டு சென்றால், மருந்தின் அளவை அமைப்பதற்கு வைத்தியருக்கு அது உதவும்.